ரேங்க் பட்டியலுக்கும் சீட்டுக்கும் நடுவே: காத்திருக்கும் வீடுகளுக்குச் சில விளக்கங்கள்



மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு கொடுத்த குடும்பம், ஜூன் கடைசியில் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசுவதில்லை. பிள்ளை போனும் கையுமாக இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறது. அத்தா கடையை மூடிவிட்டு வந்ததும் "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார். அம்மா பதிலை எதிர்பார்க்காமலேயே துஆவில் உட்கார்ந்துவிடுகிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியிலிருந்து நம் அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி மேசைக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் பார்ப்பது இதைத்தான். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்: "மார்க் வந்து இவ்வளவு நாளாச்சு, ஏன் இன்னும் சீட் வரல?"

2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. பொறியியல் பொதுப்பிரிவு கலந்தாய்வின் முதல் சுற்று ஜூலை 14 அன்றுதான் தொடங்கியது. இடையில் 67 நாள். ரேங்க் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு மூன்றாவது சுற்று வரும்வரை ஆகஸ்ட் ஆகிவிடும். இந்த நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்று வீட்டில் நினைக்கிறோம். உண்மையில் விண்ணப்பப் பதிவு, ரேண்டம் எண், சான்றிதழ் சரிபார்ப்பு, ரேங்க் பட்டியல், அதில் குறை இருந்தால் சொல்ல அவகாசம், பிறகு மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவு என்று வரிசையாக நடந்துகொண்டிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களும் சி.பி.எஸ்.இ.யில் படித்தவர்களும் ஒரே பட்டியலில் வர வேண்டும் என்பதால் ஒரு பக்கம் தாமதமானால் எல்லாப் பக்கமும் நிற்கும்.

இதற்கு 2022 நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஜூன் 20-இல் பிளஸ் டூ முடிவு வந்தது. சி.பி.எஸ்.இ. முடிவு ஜூலை 22-இல்தான் வந்தது, அதற்காக விண்ணப்பத் தேதி நீட்டிக்கப்பட்டது. ரேங்க் பட்டியல் ஆகஸ்ட் 16-இல் வெளியானது. ஆகஸ்ட் 25-இல் பொதுக் கலந்தாய்வு என்று அறிவித்திருந்தார்கள். அதுவும் தள்ளிப்போனது, காரணம் நீட். பொறியியலில் நல்ல சீட் எடுத்த பிள்ளைகள் மருத்துவம் கிடைத்ததும் விட்டுவிட்டுப் போக, அந்த இடங்கள் யாருக்கும் பயன்படாமல் காலியாகக் கிடந்த அனுபவம் அதற்கு முன் இருந்தது. அதனால் நீட் முடிவு வரட்டும் என்று அரசு காத்திருந்தது. செப்டம்பர் 7-இல் நீட் முடிவு வர, 10-ஆம் தேதி கலந்தாய்வு தொடங்கியது. நீட்டே எழுதாத பிள்ளைகளும் அந்த நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். தாமதம் கசப்பானதுதான். ஆனால் பட்டியலில் பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு அந்தத் தாமதத்தால் இடங்கள் மிஞ்சின என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் மனம் சமாதானம் கொள்ளலாம். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட சட்டம் 2006-இல் வந்தது. அதிலிருந்து பொறியியலுக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும்தான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. இந்தக் கட்-ஆஃப் மே மாதமே தெரிந்துவிடுகிறது. தெரியாதது மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதுதான். அதை யூடியூபில் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. ரேண்டம் எண்ணைப் பற்றியும் பல வீடுகளில் பயம் இருக்கிறது. ஒரே கட்-ஆஃப் இருந்தால் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், அதன்பின் மொத்த மார்க், பிறந்த தேதி என்று பார்த்து, எல்லாமே சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை வரும். எண்ணைப் பார்த்து அழுத பிள்ளையையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அழத் தேவையில்லை.

இனி நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய இடம். 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு, அதாவது பி.சி.எம். பிரிவுக்கு, 3.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அன்சார், தக்கனி, துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உட்பட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதில் வருகிறார்கள். சாதிச் சான்றிதழில் இந்தப் பிரிவின் பெயர் இருக்க வேண்டும். வெறும் முஸ்லிம் என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதியிருப்பது போதாது. பட்டியலில் இல்லாத பட்டாண் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். சான்றிதழ் ஏற்றாமல் விட்டாலும், ஏற்றியது தெளிவாக இல்லாமல் நிராகரிக்கப்பட்டாலும், பி.சி.எம். பிள்ளையும் பொதுப் பிரிவிலேயே நிற்பார். ஆகவே ஜூன் மாதச் சான்றிதழ் சரிபார்ப்பு நாட்களை மட்டும் காத்திருக்கும் நாட்களாக நினைக்காதீர்கள். தினமும் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். ரேங்க் பட்டியல் வந்தபின் குறை சொல்லக் கிடைப்பது சில நாட்கள்தான். நம் மேசைக்கு வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல், மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொரு இனிஷியல், சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்ற வகைதான். முதல் பட்டதாரி சான்றிதழையும் இதே நேரத்தில் இ-சேவை மையத்தில் வாங்கிவிடலாம்.

3.5 சதவீதம் என்பது ஒரு வகுப்பறையில் எத்தனை இடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தனியார் கல்லூரியில் ஒரு பிரிவுக்கு 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 65 சதவீதம், அதாவது 39 இடம், அரசு கலந்தாய்வுக்கு வரும். 39-இல் 3.5 சதவீதம் ஒன்றேகால் சொச்சம். ஆக, ஒரே ஒரு இடம். சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதி இடம்தான் அரசுக்கு வரும். அங்கும் கணக்கு ஒன்றில்தான் நிற்கும். "போன வருஷம் அந்தக் காலேஜில பி.சி.எம். கட்-ஆஃப் 171" என்று யாராவது சொன்னால், அது போன வருடம் அங்கே சேர்ந்த ஒரே ஒரு பிள்ளையின் மார்க்காக இருக்கலாம். இந்த வருடம் அது 185 ஆகலாம், 150-க்கும் இறங்கலாம். அதை நம்பி ஒரு கல்லூரியை எழுதாமல் விடுவதும் தவறு, அது உறுதி என்று தூங்கிவிடுவதும் தவறு. இன்னொன்று: பி.சி.எம். பிள்ளைக்குப் பொதுப் பிரிவு இடமும் திறந்தே இருக்கிறது. ரேங்க் போதுமானால் முதலில் அதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால்தான் பிரிவு இடம்.

விருப்பப் பட்டியல் நிரப்புவதில்தான் பயம் வேலையைக் கெடுக்கிறது. "நமக்குக் கிடைக்காததை மேலே எழுதினால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். முதலில் காலியாக உள்ள இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகும். மேலே பெரிய கல்லூரி எழுதியதற்காகக் கீழே உள்ளதைப் பறிக்காது. ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள், நீளமாகவும் எழுதுங்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்க, ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திவிட்டு அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமல் வருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஆவடி, பூந்தமல்லி பக்கம் பெயர் ஒன்றுபோல் இருக்கும் கல்லூரிகள் பல உண்டு. அவற்றில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அவை இந்தக் கலந்தாய்விலேயே வராது. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதுங்கள். ஆவடி முத்தாபுதுப்பேட்டை ஆலிம் முகம்மது சாலிஹ் கல்லூரி போல் பஸ்ஸில் போய் வரக்கூடியவற்றை ஒரு நாள் நேரில் பார்த்துவிட்டும் வரலாம். காத்திருக்கும் நாட்களுக்கு அது நல்ல வேலை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள்தான் கிடைக்கும். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன், இது வேண்டாம் மேலே உள்ளது மட்டும் போதும், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்று வழிகள் இருக்கின்றன. மேலே காத்திருக்கிறேன் என்று சொல்லி, மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அந்த இரண்டு நாளில் பிள்ளை ஊரில் இல்லாமலோ போனில் சார்ஜ் இல்லாமலோ இருக்கக் கூடாது.

சொல்ல மனம் கசக்கும் ஒன்று. இந்த 67 நாளில் சில தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வரும். "மேனேஜ்மென்ட் சீட் ரெண்டுதான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்பார்கள். ஆவடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அத்தா பயத்தில் மனைவியின் வளையலை அடகு வைத்து ஐம்பதாயிரம் கட்டினார். மகளின் அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டார். இரண்டாம் சுற்றில் மகளுக்கு அதைவிட நல்ல கல்லூரி, அரசு ஒதுக்கீட்டிலேயே கிடைத்தது. சேர்வதற்கு அசல் சான்றிதழ் வேண்டும். வாங்க நாங்கள் மூன்று முறை உடன் போனோம். சான்றிதழ் கடைசி நாளில் கிடைத்தது. பணத்தில் பாதிதான் வந்தது. அடகு வட்டி தனி. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்திருக்கிறது, ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியும் அதுதான். ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு விதி துணைக்கு வராது. கலந்தாய்வு முடியுமுன் யாரிடமும் அசலைக் கொடுக்காதீர்கள். கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால், கட்டுவதற்கு முந்தின நாள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பொறியியல் ஒன்றையே நம்பி உட்கார்ந்திருப்பதுதான் மனஉளைச்சலைக் கூட்டுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதமே தனி விண்ணப்பம் வந்துவிடும். சென்னையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் அதில் அடங்கும். நியூ காலேஜ், ஜஸ்டிஸ் பஷீர் அகமது சையது மகளிர் கல்லூரி ஆகியவற்றின் விண்ணப்பங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிப்ளமா முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. நம் தெருக்களிலிருந்து எட்டும் தூரம்தான். கையில் இன்னொரு சீட் இருக்கும் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், "தம்பி, எந்தக் காலேஜ்?" என்று கேட்பதை ஆகஸ்ட் வரை நிறுத்தி வைக்கலாம். வீட்டில் நாளுக்கு ஐந்து முறை கேட்பதற்குப் பதில், அடுத்த அறிவிப்பு வரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டு, அதுவரை அந்தப் பேச்சை எடுக்காமல் இருங்கள். மாமா மகன் வாங்கிய மார்க் இந்த வீட்டுக்குள் வரவே வேண்டாம். மகள் காத்திருக்கும் நேரம் பார்த்து வரன் பேச்சைத் தொடங்குவதும் நடக்கிறது. சீட் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்கிறது.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, பல நாள் தூங்கவில்லை, யாரோடும் பேசாமல் அறையிலேயே இருக்கிறது, "நான் இருந்து என்ன" என்பது போல் ஒரு வார்த்தை வந்தது என்றால், அதைத் திமிர் என்றோ ஈமான் குறைவு என்றோ எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். அரசின் 104, டெலி மானஸ் 14416 இரண்டும் எந்த நேரமும் தமிழில் பேசும் இலவச எண்கள். பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

கலந்தாய்வு முடியும்வரை நம் மேசை சனி, ஞாயிறு மக்ரிபுக்குப் பின் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் மட்டும் தினமும் உண்டு. பிள்ளையைக் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டியது பிள்ளைதான். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், லாகின் விவரம், ஓ.டி.பி. வரும் போன் ஆகியவற்றோடு வந்தால் போதும். ஜெராக்ஸ் செலவு நம்முடையது.