டிராக்டரில் கால்குழி தோண்டுவோர் கவனத்திற்கு



கிடங்குக்கு வேலி போடாத, கடை முன்பாகத் தகரக் கொட்டகை இறக்காத வியாபாரி நம்மில் குறைவு. தகரம் என்ன கனம், கம்பி என்ன விலை என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கும் நாம், கால் நிற்கப்போகும் குழியைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. அந்த அலட்சியத்திற்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம்.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். முதுநகரில் எங்கள் கிடங்கின் முன்பு லாரி நிறுத்திச் சரக்கு இறக்கப் போட்டிருந்த தகரக் கொட்டகை, கால்களோடு பிடுங்கிக்கொண்டு போய்க் கிடங்குக் கூரையைக் கிழித்தது. கிழிந்த வழியே மழை இறங்கி, உளுந்தும் மிளகாயும் சர்க்கரையும் மூட்டை மூட்டையாக வீணாயின. பிறகு குழிகளை அளந்து பார்த்தோம். எதுவும் ஒன்றரை அடிக்கு மேல் இல்லை. தோண்டிய ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றடி வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை, அளந்தும் பார்க்கவில்லை.

காற்று கொட்டகையைச் சாய்க்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மேலே தூக்குகிறது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் காற்றழுத்தத்திற்கு ஒரு கணக்கு உண்டு. அதன்படி 140 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர அடிக்குச் சுமார் எட்டரை கிலோ. பத்துக்குப் பத்து கொட்டகை என்றால் மொத்தம் 850 கிலோ. நான்கு கால்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு காலையும் இருநூறு கிலோவுக்கு மேல் காற்று மேல்நோக்கி இழுக்கிறது. கூரையின் அமைப்பைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். ஒன்றரை அடிக் குழியில் மண் தள்ளி நட்ட கால் இதற்கு எப்படி நிற்கும்?

சென்ற ஆண்டு சிதம்பரம் புறவழிச்சாலை ஓரத்தில் இன்னொரு கிடங்குக்கு வேலியும் கொட்டகையும் போட்டபோது, மினி டிராக்டரில் பூட்டிய குழி தோண்டும் கருவியை வாடகைக்கு அமர்த்தினோம். ஆகர் என்று சொல்லும் இந்தத் திருகு, டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. தண்டில் இணைக்கப்படுகிறது. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று சுற்றும். பல்சக்கரப் பெட்டி அதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத் திருகுக்கு அனுப்பும். கடப்பாரையும் மண்வெட்டியுமாக அரை நாள் ஆகும் வேலை, மண் இளக்கமாக இருந்தால் சில நிமிடங்களில் முடிகிறது. சிறிய வண்டியாதலால் குறுகலான கிடங்கு வாசலிலும் நுழைகிறது.

ஆனால் இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மண்ணுக்கு மண் வேலை மாறும்.

கடலூர் கரையோர மணலில் குழி எளிதாக இறங்கும். அதே வேகத்தில் சரிந்து மூடிக்கொள்ளும். காய்ந்த மணலானால் முதல் நாளே தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அடி திறந்த பழைய பீப்பாய் ஒன்றைக் குழிக்குள் இறக்கிக்கொள்வதும் நல்லது. காலும் ஜல்லிக் கலவையும் தயாராக இருந்தால்தான் தோண்டத் தொடங்க வேண்டும்.

சிதம்பரம் பக்கத்துக் களிமண் இதற்கு நேர்மாறு. கோடையில் பாறையாக இறுகும். மழையில் திருகோடு ஒட்டிக்கொள்ளும். ஓரடி இறங்கியதும் திருகை மேலே தூக்கி மண்ணை உதற வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் திருகு மண்ணுக்குள் புதைந்து வெளியே வராது. எங்கள் வேலையில் ஒரு முறை அப்படி ஆயிற்று. இன்ஜினை நிறுத்திவிட்டு, பைப் ரெஞ்சு போட்டுத் திருகைப் பின்னோக்கிச் சுற்றித்தான் எடுத்தோம். சம்பா அறுவடைக்குப் பின், மண்ணில் லேசான ஈரம் இருக்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்றவை. இன்னொன்று: களிமண்ணில் திருகு போன குழியின் சுவர் மெழுகியது போல் வழவழப்பாக இருக்கும். கலவை அதில் பிடிக்காது. கடப்பாரையால் சுவரைக் கொத்தி, அடிப்பக்கத்தைச் சற்று அகலமாக்கினால் காலை எளிதில் பிடுங்க முடியாது.

பண்ருட்டி பக்கத்துச் செம்மண்ணில் சரளை இருக்கும். அங்கே திருகின் பல் தேயாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். மூன்றடி ஆழத்தில் நான்கு அங்குலச் சதுரக் கால் நட்டால், 9 அங்குலக் குழிக்குக் கலவை ஏறக்குறைய ஒரு கன அடி. 12 அங்குலக் குழிக்கு இரண்டு கன அடி. குழி மூன்று அங்குலம்தான் அகலம். கலவைச் செலவோ இரட்டிப்பு. இருபது கால் வேலிக்கு இருபது கன அடி வீணாகும். எனவே வேலிக்கு 9 அங்குலமே போதும். கொட்டகைக் காலுக்கு 12 அங்குலத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இரண்டு கன அடிக் கலவை சுமார் 135 கிலோ எடை. அந்த எடையும் மண்ணின் பிடிப்பும் சேர்ந்துதான் காற்றுக்கு ஈடு கொடுக்கும். எந்தக் குழியானாலும் அடியில் தங்கும் உதிரி மண்ணைக் கையால் அள்ளி, திமிசு போட்ட பிறகே காலை இறக்குங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் கால் இறங்கிவிடும்.

தோண்டும் முன் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தானே புயலுக்குப் பின், உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர் நகரில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கேபிளாகப் பதிக்கும் வேலை நடந்தது. மேலே கம்பி இல்லை என்பதால் கீழேயும் இல்லை என்று ஆகாது. மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும், சிதம்பரத்தில் நகராட்சியிலும், ஒரு வார்த்தை விசாரிப்பது உயிருக்குக் காப்பு.

கடைசியாக, நமக்கென்றே ஒரு எச்சரிக்கை. நாம் வேட்டி கட்டுகிறவர்கள், தோளில் துண்டு போடுகிறவர்கள். சுற்றும் தண்டு துணியின் ஓர் ஓரத்தைப் பிடித்தால் ஆளையே சுருட்டிவிடும். கையை எடுக்க நேரம் கிடைக்காது. தண்டுக்கு மூடி இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். திருகு இறங்கவில்லை என்று அதன் மேல் ஆளை ஏற்றி அழுத்த விடாதீர்கள். முதலாளி நிற்க வேண்டிய இடம் பத்தடி தள்ளி. ஓட்டுநர் வண்டியை நிறுத்திய பிறகு அளவுகோலோடு கிட்டே போகலாம். கால் நடாத குழியை அன்றிரவு பலகை போட்டு மூடிவிடுங்கள்.

வாடகை பேசும்போதே குழியின் அகலம், ஆழம், மண்ணை அப்புறப்படுத்துவது யார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைக் குழிக் கணக்கில் கொடுங்கள். ஒவ்வொரு குழியையும் அளந்த பின் கொடுங்கள். நம்மிடம் வாங்க வருபவர் எடையைச் சரிபார்ப்பது போல, நாமும் குழியைச் சரிபார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, உங்கள் கடை முன்னே நிற்கும் கால்களில் ஒன்றின் அடியையாவது தோண்டிப் பாருங்கள். ஒன்றரை அடிதான் இருந்தால், சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.