ஒற்றைக் கையர் திறந்து வைத்த அரங்கம்

தென்னமெரிக்கக் கால்பந்தாட்டம் என்றதும் பிரேசிலும் அர்ஜென்டினாவுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் முதல் உலகக் கோப்பைப் போட்டியை நடத்தியதும் வென்றதும் அவ்விரு பெருநாடுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் உருகுவே என்னும் சிறு நாடுதான். அதன் தலைநகர் மொண்டிவிடியோவில் உள்ள சென்டெனாரியோ அரங்கம் அந்த வெற்றிக்கு இன்றும் சாட்சியாய் நிற்கிறது.

சென்டெனாரியோ என்றால் நூற்றாண்டு என்பது பொருள். 1830 ஜூலை 18இல் உருகுவே தன் அரசியல் சட்டத்தை ஏற்றது. அதன் நூற்றாண்டு நினைவாகவே இவ்வரங்கம் எழுந்தது. வடிவமைத்தவர் குவான் அந்தோனியோ ஸ்காஸோ. ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தும், மழையினால் தாமதம் ஏற்பட்டது. எனவே தொடக்க ஆட்டங்கள் நகரின் வேறு மைதானங்களில் நடைபெற்றன. 1930 ஜூலை 18 அன்று, குறித்த நன்னாளிலேயே, அரங்கம் திறக்கப்பட்டது.

பரந்த பூங்காவின் நடுவே அமைந்த இதனைக் காணச் செல்வோரை முதலில் ஈர்ப்பது 100 மீட்டர் உயரமுள்ள கோபுரம். உள்ளே நுழைந்தால், திறந்த வானின்கீழ் பசும்புல் தரையும் அதனைச் சூழ்ந்த கான்கிரீட் படிவரிசைகளும். ஒரு பக்கத்திற்குக் கொலம்ப் என்றும், எதிர்ப்பக்கத்திற்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் பெயர். 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் உருகுவே தங்கம் வென்ற இடங்கள் அவை. அரங்கிலேயே கால்பந்து அருங்காட்சியகமும் உண்டு.

எனினும் நம் நெஞ்சை நெகிழச் செய்வது ஒரு மனிதரின் வரலாறே. எக்தர் காஸ்ட்ரோ சிறுவயதில் மின்சார ரம்பத்தில் சிக்கி வலது முன்கையை இழந்தவர். இவ்வரங்கின் முதல் கோலை, பெரு நாட்டுக்கு எதிராக, அடித்தவர் அவரே!

ஜூலை 30 இறுதியாட்டத்தில் எதிரணி அர்ஜென்டினா. எந்நாட்டுப் பந்தால் ஆடுவது என்று தகராறு மூண்டது. முற்பாதியில் அவர்கள் பந்து, பிற்பாதியில் இவர்கள் பந்து என்று முடிவாயிற்று. இடைவேளையில் 1-2 எனப் பின்தங்கிய உருகுவே, 4-2 என வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் நான்காவது கோலை அடித்தவரும் அதே காஸ்ட்ரோதான்.

1983இல் ஃபிஃபா இவ்வரங்கை உலகக் கால்பந்தின் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதன் பெருமை கான்கிரீட்டில் மட்டுமில்லை. குறையுண்டு என்று ஒதுங்கி நிற்கும் ஒரு பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காஸ்ட்ரோவையும் யாரோ ஒருநாள் அப்படிச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.