லித்தியம் (மருந்து)

லித்தியம் என்பது மனநிலைப் பிறழ்வுகளுக்கு, குறிப்பாக இருமுனையப் பிறழ்வுக்கு, கொடுக்கப்படும் மருந்து ஆகும். இது மனநிலை நிலைப்படுத்திகள் என்னும் மருந்து வகையைச் சேர்ந்தது. அணு எண் 3 கொண்ட லித்தியம் என்ற தனிமத்தின் உப்பே, பெரும்பாலும் லித்தியம் கார்பனேட்டு மாத்திரையாக, மருந்தாகப் பயன்படுகிறது.

இருமுனையப் பிறழ்வு உடையவருக்கு அளவுமீறிய எழுச்சி நிலையும் (பித்து) ஆழ்ந்த மனச்சோர்வும் வெவ்வேறு காலங்களில் ஏற்படும். லித்தியம் பித்தைத் தணிக்கிறது. இந்நிலைகள் மீண்டும் வராமல் தடுக்கவும் உதவுகிறது. இது தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகவும் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. எனினும் பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. எனவே மனநலச் செவிலியரின் தொடர்ந்த கண்காணிப்பு இச்சிகிச்சையின் பிரிக்க இயலாத பகுதியாக உள்ளது.

வரலாறு

லித்தியம் தனிமத்தை 1817 இல் சுவீடனைச் சேர்ந்த யொகான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் கண்டறிந்தார். ஆசுத்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்தவர். நாடு திரும்பிய பின் மெல்பேர்ணில் யூரிக் அமிலம் பற்றிய ஆய்வுக்காக லித்தியம் உப்புகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது, அவை அமைதியடைவதைக் கண்டார். முதலில் தாமே அம்மருந்தை உட்கொண்டு பார்த்தார். பிறகு பித்து நிலையில் இருந்த 10 பேருக்குக் கொடுத்து, முடிவுகளை 1949 இல் வெளியிட்டார்.

அவருடைய முதல் நோயாளி மிகச் சிறப்பாகக் குணமடைந்தார். ஆனால் 1950 இல் அவரே லித்தியம் நஞ்சேறி உயிரிழந்தார். ஐக்கிய அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடும் 1949 இல் உயிரிழப்புகளுக்குக் காரணமாகி விலக்கப்பட்டது. குருதியில் லித்தியத்தின் அளவைக் கண்டறியும் முறை புழக்கத்துக்கு வந்த பின்னரே இம்மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பது இயன்றது. டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஸ்கோ 1954 இலும் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகள் இதன் பயனை உறுதி செய்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் பித்துக்கான மருந்தாக ஒப்புதல் கிடைத்தது.

குருதியில் அளவு

நீண்டகாலச் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பேணப்படுகிறது. கடும் பித்தின்போது சற்றுக் கூடுதலான அளவு தேவைப்படலாம். 1.5 ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றக்கூடும், 2.0 க்கு மேல் உயிருக்கு ஆபத்து நேரலாம். முதியவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலும் நச்சு அறிகுறிகள் தோன்றலாம்.

கடைசி வேளை மருந்து உட்கொண்டு 12 மணி நேரம் கழித்துக் குருதி எடுக்கப்பட வேண்டும். முன்னதாக எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாயில் குருதியைச் சேகரித்தாலும் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மருந்து தொடங்கியோ அளவு மாற்றியோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோதனை செய்யப்படுகிறது.

உப்பும் நீரும்

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கையாளுகிறது. உடலில் சோடியமோ நீரோ குறையும்போது, சிறுநீரகம் சோடியத்தைத் தேக்கி வைக்க முயல்கிறது. அப்போது லித்தியமும் சேர்ந்து தேங்குகிறது. எனவே வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மிகுந்த வியர்வை, உப்பில்லா உணவு, நீர் அருந்தா நோன்பு ஆகியவற்றால், மாத்திரையின் எண்ணிக்கை மாறாதபோதும் குருதியில் அதன் அளவு உயரலாம். தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள், எனலாப்ரில் போன்ற குருதி அழுத்த மருந்துகள், ஐபுபுரோஃபென் போன்ற வலி நீக்கிகள் ஆகியனவும் இவ்வாறே அளவை உயர்த்தும்.

பக்க விளைவுகளும் நஞ்சேறுதலும்

மெல்லிய கை நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உடல் எடை கூடுதல் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள் ஆகும். நீண்ட காலப் பயன்பாட்டில் தைராய்டுச் சுரப்பும் சிறுநீரகச் செயற்பாடும் குறையக்கூடும்.

கை நடுக்கம் கரடுமுரடாதல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வாந்தி, வயிற்றுப்போக்கு, குழப்பம் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள் ஆகும். வலிப்பும் நினைவிழப்பும் தொடரலாம். இதற்கென முறிமருந்து எதுவும் இல்லை. மருந்து நிறுத்தப்பட்டு, உடலில் நீர்ச்சத்து ஈடுசெய்யப்படுகிறது. கடுமையான நிலையில் டயாலிசிஸ் மூலம் லித்தியம் அகற்றப்படுகிறது.

செவிலியர் பணி

- சிகிச்சைக்கு முன்னரும் பின்னர் குறித்த இடைவெளிகளிலும் சிறுநீரகம், தைராய்டு சோதனைகள் செய்யப்பட்டதை உறுதி செய்தல்.
- ஒவ்வொரு வேளையும் மருந்து கொடுக்கும் முன் நடை, பேச்சு, கை நடுக்கம் ஆகியவற்றைக் கவனித்தல். நச்சு அறிகுறி இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவருக்குத் தெரிவித்தல்.
- உணவில் உப்பின் அளவைத் திடீரென மாற்றக்கூடாது என்பதையும் போதிய நீர் அருந்த வேண்டும் என்பதையும் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் விளக்குதல்.
- தவறிய வேளைக்கு ஈடாக இருமடங்கு மருந்து உட்கொள்ளக்கூடாது என அறிவுறுத்தல்.
- கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்துபேச வேண்டும் எனத் தெரிவித்தல். கருவின் இதயத்தைப் பாதிக்கும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது.

பித்து தணிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம் என்பதால், தொடக்கத்தில் வேறு மருந்துகளும் சேர்த்துக் கொடுக்கப்படுவதுண்டு. நலமடைந்தவர் மருந்து இனித் தேவையில்லை என்று கருதித் தாமாகவே நிறுத்திவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. திடீரென நிறுத்தினால் பித்து மீண்டும் வரும் ஆபத்து மிகுதி. நிறுத்த நேர்ந்தால் மருத்துவரின் மேற்பார்வையில், சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.