மேனிலைப் படிப்பில் எந்தப் பிரிவு?

சேர்வராயன் மலைக்கு மே மாதம் திருவிழா மாதம். ஏறத்தாழ 5,326 அடி உயரத்தில் குகைக்குள் அமைந்துள்ள சேர்வராயன் கோயிலுக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் மலையாளி இன மக்கள் திரண்டு வருவது அம்மாதத்தில்தான். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவும் பெரும்பாலும் அம்மாதத்திலேயே வெளியாகிறது. முடிவு வந்த சில நாட்களுக்குள், 15 வயதுப் பிள்ளையின் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு பிரிவின் பெயரை எழுதியாக வேண்டும். அறிவியலா, வணிகவியலா, கலையா, தொழிற்கல்வியா? இக்கேள்விக்கு விடை காண நம் குடும்பங்கள் பல எடுத்துக்கொள்ளும் நேரம், திருமணப் பட்டு எடுக்கக் கடையில் செலவிடும் நேரத்தினும் குறைவு என்றால் மிகையன்று.

இவ்விடையை மே மாதத்தில் தேடினால் காலம் கடந்துவிடும் என்பதே நாம் சொல்ல விரும்புவது. மலைவாழ் குடும்பங்களுக்கு இது இரு மடங்கு பொருந்தும்.

பள்ளிக்கு வந்த கல்லூரி வகுப்பு

முன்னாளில் பள்ளிப் படிப்பு 11 வகுப்புகளைக் கொண்டது. அதன்பின் ஓராண்டு புகுமுக வகுப்பைக் கல்லூரியில் பயில வேண்டும். கல்லூரி நகரத்தில் இருந்தது. ஆதலால் நகரத்துக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, பத்தாண்டுப் பள்ளிக் கல்வி, ஈராண்டு மேனிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. அதன்படி தமிழ்நாட்டில் 1978இல் மேனிலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980இல் நடைபெற்றது.

நகரத்துக் கல்லூரியில் இருந்த படிப்பு ஊர்ப் பள்ளிக்கே வந்தது பெரும் நன்மை. ஆயினும், மேனிலைப் பள்ளி என்று பெயர்ப்பலகை இருப்பதனாலேயே எல்லாப் பிரிவுகளும் அங்கே இருந்துவிடா. ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் வேண்டும். அறிவியலுக்கு ஆய்வுக்கூடமும் வேண்டும். இவை எங்கே உண்டோ, அங்கேதான் அந்தப் பிரிவு உண்டு.

பாடங்களின் அமைப்பு

மாநிலப் பாடத்திட்டத்தில் முதற்பகுதி தமிழ் அல்லது பிற மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் நான்கு பாடங்கள். இந்த நான்கே பிரிவைத் தீர்மானிக்கின்றன. இயற்பியல், வேதியியலோடு கணிதமும் உயிரியலும் சேர்வது ஒரு தொகுதி. உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் சேர்வது மற்றொன்று. கணிதமின்றித் தாவரவியலும் விலங்கியலும் சேர்வது வேறொன்று. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு வணிகக் கணிதமோ, கணினிப் பயன்பாடுகளோ, வரலாறோ சேர்வது வணிகவியல் பிரிவு. வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் முதலியன கலைப் பிரிவுக்குரியவை. வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை போன்றவற்றைக் கற்பிக்கும் தொழிற்கல்விப் பிரிவும் உண்டு.

மொத்த மதிப்பெண் முன்பு 1,200 ஆக இருந்தது. இப்போது பாடத்துக்கு 100 வீதம் 600. முதலாம் ஆண்டுக்கு 2018 முதல் நடந்து வந்த பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்படும் என்று 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் முதலாம் ஆண்டுப் பாடத்தைப் புறக்கணித்துவிடலாகாது. மருத்துவத்துக்கான நீட் தேர்விலும் பொறியியலுக்கான ஜே.இ.இ. தேர்விலும் ஈராண்டுப் பாடங்களும் கேட்கப்படுகின்றன.

திறக்கும் கதவும் மூடும் கதவும்

அறிவியல் மேற்படி, வணிகவியல் இடைப்படி, கலை கடைப்படி என்றொரு ஏணியை நம் சமுதாயம் தானாகவே செய்து வைத்திருக்கிறது. மதிப்பெண் கூடியவன் மேற்படியில் ஏறவேண்டும், குறைந்தவன் கீழ்ப்படியில் நிற்கவேண்டும் என்பது அதன் விதி. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணியதன் விளைவு இது. உண்மையில் பிரிவுகள் ஏணிப்படிகள் அல்ல, வெவ்வேறு வாயில்கள்.

எந்த வாயில் எதற்கு என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குத் தரம் கணக்கிடப்படுகிறது. தொழிற்கல்வி பயின்றோர்க்குத் தனி வழி உண்டெனினும், பொது வழியில் செல்வோர்க்குக் கணிதம் இன்றியமையாதது. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஆகவே கணிதத்தைக் கைவிட்டால் ஒரு கதவும், உயிரியலைக் கைவிட்டால் மற்றொரு கதவும் மூடுகின்றன.

மாறாக, எப்பிரிவினர்க்கும் திறந்திருக்கும் கதவுகள் பல. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எப்பிரிவில் தேறியவரும் சேரலாம். பட்டயக் கணக்கர் படிப்பின் முதல்நிலைத் தேர்வையும் எப்பிரிவினரும் எழுதலாம். எனினும் அதில் கணக்குப்பதிவியலும் வணிகக் கணிதமும் இருப்பதால் வணிகவியல் பயின்றவர்க்கு எளிது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வரலாறும் புவியியலும் அரசியல் அறிவியலும் பயின்ற பிள்ளை அத்தேர்வின் அடித்தளத்தைப் பள்ளியிலேயே இட்டுக்கொள்கிறது. விருந்தினர் விடுதிகள் நிறைந்த ஏற்காட்டில், விடுதி மேலாண்மைப் படிப்புக்கும் பிரிவுத் தடை இல்லை என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்?

காப்பியும் மிளகும் விளையும் இம்மலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தாயின் மகள், அதே தோட்டப் பயிரை ஆராயும் பட்டதாரியாக விரும்பினால், அவள் அறிவியல் பிரிவிலோ வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவிலோ சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தி பத்தாம் வகுப்புக்கு முன்பே அவள் செவியில் விழவேண்டும்.

மலைவீட்டின் இடர்ப்பாடு

புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் நிறுவிய மான்ட்போர்ட் பள்ளியும், குளுனி சூசையப்பர் சபைச் சகோதரிகள் நிறுவிய பள்ளியும் தொலைவூர்ப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு வரவழைத்தன. சமவெளிப் பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து படித்தனர். மலைச் சிற்றூரின் ஏழைப் பிள்ளையோ, தான் விரும்பும் பிரிவு அருகிலுள்ள பள்ளியில் இல்லையெனில், அதே வளைவுகளைக் கடந்து கீழே சேலத்துக்குச் செல்லவேண்டும். பையனாயின் விடுதியில் சேர்ப்பார்கள். பெண்ணாயின் பலமுறை யோசிப்பார்கள். முடிவில் அவள், இருக்கிற பள்ளியில் இருக்கிற பிரிவிலே சேர்வாள், அல்லது வீட்டிலே நின்றுவிடுவாள். அவளது பிரிவைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய அறிவும் அன்று, விருப்பமும் அன்று, பேருந்து வசதியே.

பள்ளி மாற்றும் முன்

மற்றொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையை, மேனிலை வகுப்புக்கு மட்டும் கடன் பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் உளர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும்; அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை போய்விடும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயில்வோர்க்கும் இவ்வுதவி உண்டு. பள்ளி மாற்றத்தால் வருவது எது, போவது எது என்று எழுதிப் பார்த்தபின் முடிவு செய்தல் நலம்.

ஒன்பதாம் வகுப்பிலேயே

ஆகவே, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்விகள் எழவேண்டும். பிள்ளைக்கு எந்தப் பாடம் இயல்பாக வருகிறது? எந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமென அது விரும்புகிறது? அப்பாடம் நமக்கு எட்டும் எந்தப் பள்ளியில் உண்டு? முதல் கேள்விக்கு வகுப்பாசிரியர் உதவுவார். இரண்டாவதைப் பிள்ளையிடமே கேட்கவேண்டும். அண்டை வீட்டாரிடம் அன்று. மூன்றாவதற்குத் தந்தையோ தாயோ ஒருநாள் கூலியை இழந்தேனும் பள்ளிகளுக்கு நேரில் சென்று, எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன, ஆசிரியர் இருக்கிறாரா, விடுதியில் இடம் உண்டா என விசாரிக்க வேண்டும். பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழையும் அந்த ஆண்டிலேயே பெற்று வைப்பது நன்று.

பங்கில் உள்ள ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மாலை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அமரவைத்து இச்செய்திகளை எடுத்துரைக்க இரண்டு மணி நேரம் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு இவ்விவரங்களைச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை, நாம்தான் சொல்லவேண்டும்.