“தீபாவளிக்குள்ள நடந்துடுவேனா டாக்டர்?”

பக்கவாதம் வந்து படுத்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தீபாவளி, பொங்கல், மகள் கல்யாணம் என்று ஒரு நாளைக் குறித்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களும், “அதுக்குள்ள எழுந்து ஓடப் போறீங்க பாருங்க” என்று தட்டிக் கொடுப்பார்கள். நாள் வரும், கால் வராது. அன்றோடு மனம் விட்டுப்போகும். பயிற்சி நின்றுவிடும். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும்.

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்கல், நாஜிகளின் வதை முகாம்களில் கைதியாக இருந்தவர். 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் நடுவில் தன் முகாமில் சாவுகள் திடீரென அதிகமானதாக எழுதியிருக்கிறார். பண்டிகைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பலர் நம்பியிருந்தார்களாம். அது நடக்கவில்லை என்றதும் உடம்பும் கைவிட்டுவிட்டது என்பது முகாம் மருத்துவரின் கணிப்பு.

அப்படியானால் நம்பிக்கையே கூடாதா? தாராளமாக வையுங்கள். கெடு மட்டும் வைக்காதீர்கள்.

பக்கவாதத்தில் செத்துப்போன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும், குழந்தை எழுதப் பழகுவது போல! முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. நாங்கள் செய்யும் தொக்கணம் தசை இறுக்கத்தைத் தளர்த்த உதவும். மூளைக்குப் பாடம் சொல்வதென்னவோ நோயாளி தானே செய்யும் பயிற்சிதான். “ஒரே மண்டலத்தில் நடக்க வைக்கிறேன்” என்று யாராவது சத்தியம் செய்தால், அவர் சித்த வைத்தியரே ஆனாலும் ஒதுங்கி வந்துவிடுங்கள். (வாய் கோணி, கை விழுந்த அந்த முதல் மணி நேரத்தில் எங்களிடம் வரவே வேண்டாம். ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.)

நான் சொல்லும் ஒரு வழி, ஒரு நாற்பது பக்க நோட்டு. ‘இன்று கட்டில் ஓரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்’, ‘டம்ளரைப் பிடித்தார், நழுவிவிட்டது’ என்று ராத்திரி ஒரு வரி எழுதி வையுங்கள். நழுவியதையும் எழுதணும், பொய்யாக எழுதினால் நோயாளிக்கே தெரிந்துவிடும். “ஒண்ணுமே தேறலை” என்று அவர் சோர்கிற அன்று, போன மாதப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள். டம்ளர் பக்கமே கை போகாத நாள் ஒன்று அதில் இருக்கும்.

இதெல்லாம் மீறியும் சிலருக்குச் சோர்வு விடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பேச்சில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால், “தைரியமா இருங்க”ன்னு சொல்லிப் பிரயோஜனமில்லை. மனநல மருத்துவரிடம் காட்டணும். ‘செத்தா தேவலை’ என்று வாய் தவறிச் சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற மனைவியும் அதே எண்ணில் பேசலாம். அவரை யாரும் “நீ சாப்பிட்டியா?” என்றுகூடக் கேட்பதில்லை.