ராணுவப் பதிவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை: பழைய படைவீரர்களுக்கு அது ஏன் பெரிய சிக்கல்? எப்படித் திருத்துவது?

உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ ராணுவத்தில் இருந்தவரா? அவருடைய பணி நிறைவுச் சான்றிதழையும் இப்போதைய மைகார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றுதானா? பிறந்த தேதி ஒன்றுதானா? அப்பா பெயர்?

பல வீடுகளில் இல்லை. "அட, ஒரு எழுத்துதானே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஓய்வூதியம், மருத்துவ உதவி, மனைவிக்குப் போக வேண்டிய பணம் என்று ஏதாவது ஒன்றுக்கு மனு போடும் நாளில் அந்த ஒரு எழுத்து கதவை அடைத்து நிற்கும். கவுன்டரில் இருப்பவருக்கு எதிரே நிற்கும் மனிதரைத் தெரியாது. தாளில் உள்ள மனிதரைத்தான் தெரியும்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன, உலகில் இதை எப்படிக் கையாள்கிறார்கள், நீங்கள் எங்கே தொடங்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர் ஏன் இவ்வளவு மாறியது?

பத்தாங் பெர்ஜுந்தாய், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று வட சிலாங்கூர் தோட்டங்களில் பிறந்த ஒருவரின் பெயர் அவர் வாழ்நாளில் எத்தனை பேர் கையால் எழுதப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் பிறப்பைப் பதிந்தவர். பிறகு தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். அடையாள அட்டை கொடுத்த அதிகாரி. ராணுவத்தில் ஆள் எடுத்த அன்று பாரம் நிரப்பிய குமாஸ்தா. ஒவ்வொருவரும் காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். முனியாண்டியின் கடைசி எழுத்து 'ஐ'யா, 'ஒய்'யா? கோவிந்தசாமிக்கு நடுவில் 'வி'யா, 'டபிள்யூ'வா? வீட்டில் லட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி. தமிழில் ஒரே பெயர்தான். கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

படையில் இருந்தவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. பணியில் இருக்கும்போது கையில் இருப்பது சாதாரண ஐசி அல்ல, 'பாட் சி 10' எனப்படும் ராணுவ அடையாள அட்டை. பணி முடிந்து வெளியே வந்த பிறகு பொது அடையாள அட்டைக்கு மறுபடியும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். அங்கே இன்னொருவர் பெயரை மறுபடியும் எழுதுவார். இதற்கிடையில் பழைய 7 இலக்க ஐசி எண் போய், 1990-களில் 12 இலக்க எண் வந்தது. புதிய எண்ணின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. ராணுவக் கோப்பில் இருந்த தேதி வேறாக இருந்தால், அந்த முரண்பாடு அடையாள எண்ணிலேயே நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

ஊர்ப் பெயரும் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிக்கப்பட்டன. கோப்பில் 'நெருங்கிய உறவினர் முகவரி' என்று எழுதியிருக்கும் இடத்தில் இன்று செம்பனை மரம் நிற்கலாம், அல்லது வீடமைப்புத் திட்டம் இருக்கலாம்.

படைப்பிரிவுகளே பெயர் மாறியதும் உண்டு. எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்வதற்காக 1952-ல் தொடங்கப்பட்ட பெர்செக்குத்துவான் ரெஜிமெண்ட், 1960-ல் வேறொரு பிரிவோடு இணைக்கப்பட்டது. அந்தப் பெயரில் இன்று ஒரு பிரிவு இல்லை. "தாத்தா எந்த ரெஜிமெண்ட்?" என்று தேடும்போது முதலில் இதைக் கவனியுங்கள்.

எந்தப் பிழை எதைப் பாதிக்கும்?

எல்லாப் பிழையும் ஒரே எடை கொண்டதல்ல.

சேர்ந்த தேதி, விலகிய தேதி: மலேசிய ஆயுதப் படையில் அதிகாரி அல்லாத வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு பணி வேண்டும் என்பது நெடுநாள் விதி. உதாரணத்துக்கு, 1971-ல் சேர்ந்து 1992-ல் வெளியேறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையெழுத்தில் இருந்த '1971'ஐ யாரோ '1977' என்று படித்து ஏற்றிவிட்டால், 21 ஆண்டு 15 ஆண்டாகிவிடும். அவர் ஓய்வூதியம் உள்ளவர் பட்டியலிலிருந்து இல்லாதவர் பட்டியலுக்குத் தள்ளப்படுவார்.

காயம்: 1968 முதல் 1989 வரை நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில், காட்டில் புதைத்து வைத்த கண்ணிகளில் கால் இழந்த வீரர்கள் உண்டு. கால் போனதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் முதுகில் பட்ட அடி, காது கேளாமல் போனது போன்றவை அன்றைய மருத்துவக் குறிப்பில் 'பணியின்போது ஏற்பட்டது' என்று எழுதப்படவில்லை என்றால், 40 ஆண்டு கழித்து அதை நிறுவுவது ரொம்பக் கஷ்டம்.

திருமணம்: இதை எல்லோரும் மறக்கிறார்கள். தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டி, பதிவே செய்யாமல் வாழ்ந்த தம்பதிகள் ஏராளம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு மதம் அல்லது வழக்கப்படி முறையாக நடந்த திருமணம் செல்லும். பிறகும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் தாத்தா இறந்த பிறகு, "நான்தான் மனைவி" என்று பாட்டி தனியாக நிரூபிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இருவரும் இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுவது நல்லது.

தளபதிக்கே இந்த நிலைதான்

"சாதாரண சிப்பாய் என்பதால் அலைக்கழிக்கிறார்கள்" என்று தோன்றலாம். இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஜெனரல் வி.கே. சிங்கின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1951 மே 10. ஆனால் பதின்ம வயதில் ராணுவக் கல்லூரிக்குப் போட்ட விண்ணப்பத்தில் 1950 என்று எழுதப்பட்டிருந்தது. ராணுவத்தின் ஒரு பிரிவு 1951 என்றும், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் இன்னொரு பிரிவு 1950 என்றும் பல ஆண்டுகள் தனித்தனியே வைத்திருந்தன. ஒரே ராணுவம், ஒரே ஆள், இரண்டு பிறந்த நாள்!

2011 டிசம்பரில் தற்காப்பு அமைச்சு அவரது முறையீட்டை நிராகரித்தது. 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் போனார். பிப்ரவரி 10-ல் மனுவைத் தானே மீட்டுக்கொண்டார். உண்மையான பிறந்த தேதி எது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. பணிப் பதிவில் எந்தத் தேதியை அரசு ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் பார்த்தது. 1950 என்பதை அவரே முன்பு கடிதத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது அவருக்கு எதிராகப் போனது. 2012 மே 31-ல் ஓய்வு பெற்றார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். தவறான தேதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், அது பிறகு உங்கள் வாக்குமூலமாகிவிடும். இன்னொன்று, தாமதம். பணி முடியும் தறுவாயில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

பதிவே இல்லை என்றால்?

பிழையுள்ள பதிவாவது பரவாயில்லை, திருத்தலாம். பதிவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு நம் மண்ணிலேயே பெரிய உதாரணம் உண்டு.

1943-க்குப் பிறகு, மலாயா தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அந்தப் படையே கலைந்தது. முறையான பணிச் சான்றிதழ் எதுவும் கையில் இல்லாமல் பலர் மறுபடியும் பால்மரம் வெட்டப் போனார்கள். சிலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்தியா 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்து, 1980-ல் அதை விரிவாக்கியது. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் அடக்கம். ஆனால் ஆதாரம்? அரசுப் பதிவு கிடைக்காத இடத்தில், கூடச் சிறையில் இருந்த ஒருவரின் சான்றிதழ் ஏற்கப்பட்டது. அதாவது, தாள் இல்லாத இடத்தில் சக மனிதரின் சாட்சி தாளாக மாறியது.

இந்திய உச்ச நீதிமன்றமும் இதில் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. தாமதமாக மனு செய்தார் என்பதற்காக மட்டும் ஓய்வூதியத்தை மறுக்கக்கூடாது என்று 1993-ல் சொன்னது. குற்ற வழக்கைப் போலச் சந்தேகமே இல்லாத ஆதாரம் கேட்கக்கூடாது, 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும் என்று 2001-ல் சொன்னது.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வந்தது. 1973 ஜூலை 12-ல் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் ராணுவக் கோப்புகள் அழிந்தன. சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு என்று மற்ற அலுவலகங்களில் கிடந்த தாள்களை வைத்து, எரிந்துபோன பணி வரலாற்றை இன்றும் ஒட்டிச் சேர்க்கிறார்கள். ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே அங்கே தனி வாரியங்கள் உண்டு. பிழையைக் கண்டுபிடித்த 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் அந்தக் கெடுவைத் தளர்த்துவார்கள்.

சரி, இங்கே எங்கே தொடங்குவது?

1. ராணுவ எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெயர் மாறும், ஐசி எண் மாறும். சேர்ந்த அன்று கொடுத்த ராணுவ எண்தான் கோப்புக்குச் சாவி. பழைய சான்றிதழ், பதக்கப் பத்திரம், ஆயுதப்படை நிதி வாரியமான எல்.டி.ஏ.டி. கடிதம் ஆகியவற்றில் தேடுங்கள். தாத்தாவையே கேளுங்கள். மனைவி பிறந்த நாளை மறந்தவருக்குக்கூட அந்த எண் மறக்காது!

2. எது சரியானது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரத்திலேயே தவறு என்றால் ராணுவத்திடம் போய்ப் பயனில்லை. அதைத் தேசியப் பதிவு இலாகாவில் திருத்த வேண்டும். பிறப்புப் பத்திரமும் மைகார்டும் சரி, ராணுவக் கோப்பு மட்டும் தவறு என்றால்தான் அடுத்த படி.

3. சரியான கதவைத் தட்டுங்கள். ஓய்வூதியம், முன்னாள் வீரர் நலன் ஆகியவற்றுக்கு தற்காப்பு அமைச்சின் கீழ் உள்ள முன்னாள் படைவீரர் விவகார இலாகா, அதாவது ஜே.எச்.இ.வி. பணி வரலாறு சம்பந்தப்பட்டது என்றால், அவர் இருந்த தரைப்படை, கடற்படை அல்லது விமானப்படையின் பதிவுப் பிரிவு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் ஜே.எச்.இ.வி.யில் தொடங்குங்கள்.

4. சத்தியப் பிரமாணம் எடுங்கள். 'இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்' என்று எழுதி, 1960-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ், பெசுருஜாயா சும்பா முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இது மட்டுமே பதிவை மாற்றிவிடாது. ஆனால் மற்ற ஆதாரங்களைக் கட்டும் கயிறு இதுதான். பொய் சொன்னால் தண்டனை உண்டு. தெரியாததை எழுத வேண்டாம்.

5. சாட்சிகளைத் தேடுங்கள். கூடப் பணியாற்றியவர், அதே பிரிவின் அதிகாரி, பெயரோடு உள்ள குழுப் படம். எல்லாம் உதவும். முன்னாள் படைவீரர் சங்கக் கிளைகளில் விசாரித்தால் பழைய தோழர்கள் கிடைக்கலாம்.

6. எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். கடிதத்தின் நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்குங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நிராகரித்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புது ஆதாரம் இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். பொதுப் புகார் பிரிவு, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையம் போன்ற வழிகளும் உண்டு.

நீதிமன்றம் போவதாக இருந்தால் ஒரு கெடுவை மறக்காதீர்கள். அரசு முடிவை எதிர்த்து நீதிப் பரிசீலனை கேட்க, முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தை டிராயரில் போட்டுவிட்டு அடுத்த தீபாவளிக்கு எடுத்தால், வழக்கின் நியாயத்தைப் பேசும் முன்பே கதவு மூடியிருக்கும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவில் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

இதில் உங்கள் வேலை என்ன?

அந்தக் காலத்து வீரர்கள் பலர் மலாய் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் இணையப் பாரம், அதிகாரப்பூர்வ மின்னஞ்சல், சட்ட மொழி எல்லாம் அவர்களுக்கு அந்நியம். "எனக்கு எதுக்குப்பா இனிமே" என்று ஒதுங்குவார்கள். அது பெருமையாலும் இருக்கலாம், பல முறை அலைந்து அலுத்ததாலும் இருக்கலாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பேரப்பிள்ளை கூடப் போனால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் செய்யுங்கள். போன் ரெக்கார்டரைப் போட்டு, எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த முகாம், யார் அதிகாரி, எப்போது அடிபட்டது, பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்டு வையுங்கள். கோப்பு 30 ஆண்டு கழித்தும் அலமாரியில் இருக்கும். அதில் உள்ளது தவறு என்று சொல்லக்கூடியவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.