18 வயதில் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறுபவர்கள்: வாழ்க்கைத் திறனை யார் சொல்லித் தருவது? சட்டம் என்ன சொல்கிறது?

18-வது பிறந்தநாள் என்றால் பல வீடுகளில் கேக், புதுத்துணி, "இனிமே நீ பெரிய ஆளு" என்ற கிண்டல். ஆனால் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அதே நாள் ஒரு கவலையோடுதான் வருகிறது: "இனி எங்க தங்குறது?"

பெற்றோரை இழந்தவர்கள், பெற்றோர் இருந்தும் வளர்க்க முடியாத சூழலில் இருப்பவர்கள், வன்முறையில் இருந்தோ குழந்தைத் தொழிலில் இருந்தோ மீட்கப்பட்டவர்கள் என பலதரப்பட்ட பிள்ளைகள் இந்த இல்லங்களில் இருக்கிறார்கள். சட்டப்படி 18 வயது நிறையும்வரைதான் ஒருவர் குழந்தை. அதன் பிறகு இல்லத்தில் இருந்து வெளியேற வேண்டும்.

இவர்களுக்கான படிப்பு, தொழிற்பயிற்சி பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் வாடகைக்கு ரூம் பார்ப்பது, சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிப்பது, ஏமாற்ற வருபவரிடம் "முடியாது" என்று சொல்வது எல்லாம் எங்கே கற்றுக்கொள்வது? இதைத்தான் 'வாழ்க்கைத் திறன்' என்கிறார்கள். இது பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

வாழ்க்கைத் திறன் என்றால் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் 10 அடிப்படைத் திறன்களைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், பிரச்சினையைத் தீர்த்தல், புதிதாக யோசித்தல், எதையும் ஆராய்ந்து பார்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவைதான் அந்த 10.

கேட்க ஏதோ பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் இவை தேவைப்படுவது தினசரி வாழ்க்கையில்தான். "அட்வான்ஸ் பணத்தை இப்பவே ஜிபே பண்ணுங்க, ரூமை நாளைக்குக் காட்டுறேன்" என்று ஒருவர் சொன்னால், பணம் அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பது ஆராய்ந்து பார்க்கும் திறன். மேலாளர் திட்டியதும் வேலையை உதறிவிட்டு வராமல், அன்று இரவு நிதானமாக யோசிப்பது உணர்ச்சியைக் கையாளும் திறன்.

சமையல், துணி துவைப்பது, வங்கியில் படிவம் நிரப்புவது போன்ற கைவேலைகளும் இதோடு சேர்ந்தே வரும். இரண்டும் இருந்தால்தான் தனியாக வாழ முடியும்.

வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அம்மாவோடு மார்க்கெட் போகும்போது பேரம் பேசுவது தெரிகிறது. மாதக் கடைசியில் அப்பா செலவைக் குறைப்பது கண்ணில் படுகிறது. கடைக்குப் போய் மீதிச் சில்லறையைத் தொலைத்துவிட்டு வந்தால் திட்டு விழுகிறது. அடுத்த முறை எண்ணி வாங்குகிறார்கள். 25 வயதிலும் ஏதாவது சிக்கல் என்றால் வீட்டுக்கு போன் போடலாம்.

இல்லத்தில் நிலைமை வேறு. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பாடு. சோப்பு, பேஸ்ட் எல்லாம் கைக்கே வந்துவிடும். என்ன சமைப்பது, என்ன வாங்குவது, எப்போது வெளியே போவது என எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். நிறைய பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க இந்த ஒழுங்கு தேவை என்பது உண்மைதான். ஆனால் இதன் மறுபக்கம், முடிவெடுக்கும் பழக்கமே இல்லாமல் ஒருவர் 18 வயதைத் தொடுகிறார். அதுவரை ஒரு நாள் செலவைக்கூடத் தானே பார்த்திராதவர், மறுநாளில் இருந்து எல்லா முடிவையும் தனியாக எடுக்க வேண்டும்.

சொன்னதைக் கேட்கும் பிள்ளையை 'நல்ல பிள்ளை' என்று பாராட்டியே வளர்த்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியே தவறான நபர் சொல்வதையும் அதே மாதிரி கேட்டுவிடக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் இதற்கான வழிகள் இருக்கின்றன.

பிரிவு 53: பதிவு பெற்ற இல்லங்கள் தர வேண்டிய சேவைகளின் பட்டியல் இதில் இருக்கிறது. உணவு, உறைவிடம், கல்வியோடு, திறன் மேம்பாடு, வாழ்க்கைத் திறன் கல்வி, மனநல ஆலோசனை, அடையாள ஆவணம் பெற உதவி ஆகியவையும் பட்டியலில் உள்ளன. அதாவது வாழ்க்கைத் திறன் கல்வி என்பது யாரோ ஒரு தன்னார்வலர் ஞாயிற்றுக்கிழமை வந்து நடத்தும் கூடுதல் நிகழ்ச்சி கிடையாது. சட்டத்தில் எழுதப்பட்ட சேவை.

பிரிவு 46: 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர் சமூகத்தோடு இணைந்து வாழ நிதி உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. இதைத்தான் 'பிற்காப்பு' என்கிறார்கள்.

2016-ம் ஆண்டின் மாதிரி விதிகளில் விதி 25: பிற்காப்பை 21 வயது வரை தரலாம். சிறப்புச் சூழல்களில் மேலும் 2 ஆண்டுகள், அதாவது 23 வயது வரை நீட்டிக்கலாம். 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சியின்போது உதவித்தொகை, உயர்கல்விக்கான உதவி போன்றவை இதில் அடங்கும். இதற்குக் குழந்தைகள் நலக் குழு, இளைஞர் நீதிக் குழுமம் அல்லது குழந்தைகள் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்பு உதவியாக மாதம் 4,000 ரூபாய் வழங்க வழி உள்ளது.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை, 'வழங்கப்படலாம்' என்பதுதான். 18 வயதானதும் தானாக வந்து சேரும் உதவி இல்லை இது. கேட்க வேண்டும், உத்தரவு வாங்க வேண்டும். தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாத பிள்ளை, அதை எப்படிக் கேட்கும்? ஆக, தனக்குள்ள உரிமையைத் தெரிந்துகொண்டு கேட்பதே முதல் வாழ்க்கைத் திறன் ஆகிவிடுகிறது.

வெளிநாடுகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள், விரும்பினால் 25 வயது வரை தங்களுக்கென ஒரு ஆலோசகரின் உதவியைப் பெறலாம் என 2017-ல் சட்டம் கொண்டு வரப்பட்டது. 18 வயதில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

வகுப்பு எடுத்தால் போதாதா?

"பணத்தைச் சிக்கனமாகச் செலவு பண்ணணும்" என்று 10 முறை சொன்னாலும், கையில் பணமே வாங்கிப் பார்க்காதவருக்கு அது வெறும் வாக்கியம்தான். நீச்சலைக் கரையில் நின்று படிக்க முடியாது.

அதனால் 18 வயதுக்கு முன்பே, பிள்ளைகள் சின்னச் சின்ன முடிவுகளைத் தாங்களே எடுக்க வேண்டும். அதில் சிலது தப்பாகவும் போக வேண்டும். 14 வயதில் 100 ரூபாயைத் தப்பாகச் செலவு செய்தால் இழப்பு 100 ரூபாய். பக்கத்தில் பேச ஒரு பெரியவர் இருப்பார். 19 வயதில் முதல் மாதச் சம்பளம் முழுவதும் லோன் ஆப்பில் போய்விட்டால் அன்று யாரும் இருக்க மாட்டார்கள்.

எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

பணம்: 10 வயது நிறைந்தவர்கள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரம்புகளை அந்தந்த வங்கி முடிவு செய்யும். வங்கிக்குப் பிள்ளையே போய்ப் படிவத்தை நிரப்பட்டும். மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, சோப்பு, எண்ணெய், நோட்டு எல்லாம் அதிலேயே வாங்கச் சொல்லலாம். 20-ம் தேதியே காசு தீர்ந்துவிட்டால் உடனே நிரப்பிக் கொடுக்காமல், எங்கே போனது என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

சமையல்: வாரத்தில் ஒருநாள் நான்கு பேர் சேர்ந்து, பட்டியல் போட்டு, கடைக்குப் போய், சமைத்துப் பரிமாறட்டும். சோறு குழைந்தாலும் பரவாயில்லை.

செல்போன்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. 'பணம் வந்திருக்கு, பின் போடுங்க' என்று யாராவது சொன்னால் அது மோசடி. இதைச் சொல்வதோடு நிறுத்தாமல், அப்படி ஒரு அழைப்பு வந்தால் என்ன பேசுவது என்று நடித்துப் பழகலாம்.

மறுப்பது: "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போ, வேலை நிச்சயம்" என்று ஏஜென்ட் சொல்கிறார். என்ன பதில் சொல்வது? "ஜெராக்ஸ் தர்றேன் சார், ஒரிஜினலைக் காட்டிட்டு எடுத்துக்கிறேன்." இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவருக்கு நிஜத்தில் அது எளிதாக வரும். உடல் தொடர்பான அத்துமீறலுக்கும் இதே பயிற்சி வேண்டும். ஆனால் மறுக்கத் தெரியாததால்தான் இப்படி ஆனது என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது. தப்பு செய்தவர் மீதுதான் தப்பு.

உடல்நலம்: அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்குவது, என்ன செய்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்வது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது. ஒரு முறை பிள்ளையை முன்னால் விட்டு, பெரியவர் பின்னால் நின்றால் போதும்.

தனிமை: நிறைய பேரோடு ஒரே அறையில் தூங்கிப் பழகியவருக்குத் தனி ரூம் முதலில் சந்தோஷமாகவும், சில நாளில் பயமாகவும் இருக்கலாம். காய்ச்சலில் படுத்தால் யாருக்கு போன் செய்வது என்று மூன்று பெயர்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வேலையையும் சின்னப் படிகளாகப் பிரித்து, படங்களோடு, திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். பஸ் ஏறுவதே நிற்பது, எண்ணைப் பார்ப்பது, ஏறுவது, டிக்கெட் வாங்குவது, இறங்குவது என ஐந்து படி.

17 வயதில் கையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

* பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்களின் அசல், நகல்
* ஆதார். 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். தன் பெயரில் உள்ள செல்போன் எண்ணை இணைப்பது நல்லது
* வங்கிக் கணக்கு. 18 வயதானதும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுக்க வேண்டும்
* வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பம். 17 வயது நிறைந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்
* பிற்காப்பு கேட்டு எழுதிய மனுவின் நகல்

உதவிக்கு யாரை அழைக்கலாம்?

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. ஆன்லைன் பண மோசடிக்கு 1930. மனநல ஆலோசனைக்கு 14416. பிற்காப்பு பற்றிக் கேட்க, அந்தந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.

இல்ல நிர்வாகிகளுக்கும் அலுவலர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. 18 முடியும் மாதத்தில் அதைத் தேடாமல், 15 வயதிலேயே 'வெளியே போன பிறகு எங்கே தங்குவது, யாரோடு பேசுவது, மாதச் செலவுக்கு என்ன வழி' என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினால், தயாராக மூன்று ஆண்டு கிடைக்கும்.